மரம் நடுவோர்க்கு மண் வேண்டும்

விழா என்றால் மரம் நடுதல் என்பது இந்நாளில் தவிர்க்கொணாத சடங்காகி விட்டது. பிரதம விருந்தினர் வருவார், முன்னரே வெட்டிவைத்த குழியிற் கன்றொன்றை இறக்குவார், பூவாளியால் நீர் தெளிப்பார், படம் பிடிக்கப்படும். ஓராண்டு கழித்து அக்குழியைத் தேடிச் செல்வார் எவருமிலர். நம் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தாரும் இப்பெருவிழாவை முன்னிட்டு மலைநாட்டிலே மரக்கன்றுகள் நடுவதென ஆலோசித்து வருகின்றனர் என அறிந்தோம். நல்ல எண்ணமே. அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும் கன்றை மண்ணில் இறக்கு முன்னர், அம்மரம் யாருடையது என்னும் வினாவுக்கு விடை கண்டாக வேண்டும் என்பது எமது கருத்து. அவ்வினாவை எம்முள் எழுப்பியது வஹகோட்டை என்னும் சிற்றூராகும்.

மாத்தளை நகரிலிருந்து கலேவலை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த ஊர் வஹகோட்டை. மலைநாடு படிப்படியாகத் தாழ்ந்து உலர்வலயத்தின் சமவெளியோடு கலக்கும் வடக்குச் சரிவு அது. அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலம் நாடறிந்தது. கண்டியரசர் காலத்திற் சிறைப்பட்டும் படையிற் சேர்ந்தும் மலைநாட்டில் தங்கிவிட்ட போர்த்துக்கீசரின் வழிவந்தோர் இங்குக் குடியேறினர் என்பர். வைகாசி முடிகின்ற நாட்களில் நடைபெறும் திருவிழாவுக்குச் சிங்களவரும் தமிழரும், கத்தோலிக்கரும் சைவரும் வேற்றுமை பாராது செல்வதுண்டு. எம்மோடு கல்லூரியிற் பயின்ற அன்பர் ஒருவர் அழைக்க, நாமும் அவ்வாறே ஒருமுறை சென்றோம். சென்றது திருவிழாவுக்கு; கண்டு திரும்பியது ஒரு வீட்டுத் தோட்டத்தை.

அன்பருக்கு அறிமுகமான முதியவர் ஒருவருடைய தோட்டம் அது. பரப்பு ஓர் ஏக்கருக்குச் சற்று மேலிருக்கும். சரிவான நிலம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே நுழைந்ததும் கோயிலின் உள்வீதிக்குள் வந்தாற்போன்ற குளிர்ச்சி. மேலே பலாவும் தென்னையும் கமுகும் கித்துளும். அவற்றின் கீழே கராம்பும் சாதிக்காயும். அவற்றினுங் கீழே கோப்பியும் கொக்கோவும் வாழையும். தரையோடு தரையாக இஞ்சியும் மஞ்சளும். நம்மூரில் வேலிக்கு நடும் சீமைக்கிளுவையே அங்கு மிளகுக் கொடிக்குத் தாங்குமரம். அதன் தழை மண்ணுக்கு உரம், ஆட்டுக்கும் மாட்டுக்கும் உணவு. அதன் கிளை அடுப்புக்கு விறகு. பார்ப்பவருக்குக் காடு, உடையவருக்கோ ஒவ்வொரு மரமும் ஒரு கணக்கு. மிளகு மூன்றாம் ஆண்டிற் காய்க்கத் தொடங்கும். கராம்பு ஆறேழு ஆண்டு கேட்கும். சாதிக்காய்க் கன்று ஆணா பெண்ணா என்பது பூக்கும் வரை தெரியாது. ஆறேழு ஆண்டு நீர்வார்த்த பின்னர் ஆண் எனத் தெரிந்தால் அதை வெட்டிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். முதியவர் இதனைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "இந்தப் பலா என் பாட்டன் வைத்தது, மாத்தயா. அதோ அந்த சாதிக்காய் என் பேரனுக்கு" என்று சிங்களத்திற் கூறியபோது அவர் குரலில் இருந்தது பெருமை கூட அன்று, அது சாதாரணமான ஒரு கணக்கொப்புவிப்பு.

யாழ்ப்பாணத்து மண்ணிற் பிறந்தவர்க்கு இப்பேச்சுப் புதிதன்று. பனை விதை புதைத்த நம் பாட்டனார் எவரும் அதன் நுங்கைத் தாம் சுவைப்போம் என எண்ணிப் புதைத்ததில்லை. ஆனால் அவர் புதைத்தது தம் காணியிலே. வேலி அவருடையது, உறுதி அவர் பெட்டகத்தில் இருந்தது. அஃது இல்லையாயின் புதைத்திருப்பாரா?

மறுநாட் காலை சில கல் தொலைவிலுள்ள ஒரு தோட்டப் பகுதிக்குச் சென்றோம். அங்கும் சரிவுதான்; மழையும் அதே மழைதான். ஆனால் மேற்குன்று மொட்டையாய் மானாப்புல் மண்டிக் கிடந்தது. அதன் கீழே பழைய லயன்கள். வாசலில் இருந்த தொழிலாளி ஒருவரிடம், "இவ்வளவு வெற்றிடம் இருக்கின்றதே, நாலு பலாக்கன்று வைத்தால் என்ன?" என்று கேட்டோம். படித்தவன் கேட்கும் மூடக் கேள்வி என்பது கேட்ட பின்னரே எமக்கு உறைத்தது. அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: "நட்டா யாருக்குங்க ஐயா? மரம் காய்க்கிற வரைக்கும் இந்த லயத்துல எங்கள வச்சிருப்பாங்களோ என்னவோ."

இவ்விரு குன்றுகளுக்கும் இடையே மண்ணில் வேற்றுமை இல்லை. மனிதரின் முயற்சியிலும் இல்லை. வேற்றுமை எங்கே இருக்கின்றது என்பதை அறியச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் அனைத்தும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியன என்று விதித்தது. கண்டி நாட்டிலே சேனைப் பயிர் செய்யப்பட்ட நிலங்களும், பழைய சன்னசு முதலிய சான்று காட்ட முடியாதவிடத்து, முடிக்கே சேர்ந்தன. சேனை என்பது ஒருமுறை வெட்டி விதைத்துப் பின்னர்ப் பல்லாண்டு காடாக விடும் நிலம். அளக்க வந்தவர் கண்ணுக்கு அது தரிசாகவே தோன்றியது. அவ்வாறு சேர்ந்த நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. 1848ஆம் ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகளோடு இந்நிலக் குறையும் ஒரு காரணம் என வரலாற்றாசிரியர் கூறுவர். கோப்பிக்காகக் குன்றுகள் உச்சிவரை வெட்டப்பட்டன. 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளிற் கோப்பி அழிந்தது. காடு திரும்பி வரவில்லை. தேயிலையும், தாழ்ந்த சரிவுகளிலே கொக்கோவும் றப்பரும் வந்தன. 1873இல், தாவரவியலறிஞர் ஹூக்கரின் அறிவுரை எட்டிய பின்னரே, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டையேனும் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அரசாங்கத்துக்குப் பிறந்தது.

இந்தச் சூறையிலே தப்பியது எது? வீட்டைச் சுற்றியிருந்த தோட்டம். அது எவருடையது என்பதில் ஐயம் இருக்கவில்லை. ஆகவே முடி அதனைத் தொடவில்லை. உடையவரும் அதனை அழிக்கவில்லை. இன்று அறிஞர் உலகெங்கணும் வியந்து எழுதும் 'கண்டி வனத்தோட்டம்' என்பது யாதெனின், நிலக்கணக்கில் எஞ்சிய துண்டு நிலத்தில் ஏழைக் குடியானவன் தன் வயிற்றுக்காகவும் வாரிசுக்காகவும் வளர்த்துவைத்த காடேயாகும். அதனை எந்தத் திணைக்களமும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை.

அதே காலத்தில், வஹகோட்டைக்குக் கிழக்கே அதிக தூரமில்லாத நாலந்தா வழிப்பாதையில் மற்றொரு கூட்டம் நடந்து வந்தது. மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாய் ஏறிய தமிழ்த் தொழிலாளர் அவர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 2023ஆம் ஆண்டிலே, அவ்வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்ததை நேயர் அறிவர். காட்டை வெட்டியது அவர்கள் கை. கோப்பியை நட்டதும் அவர்கள் கை. நிலம் மட்டும் ஒரு கைப்பிடியும் அவர்களுடையதாகவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் அவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். நாடற்றவர்க்கு அரசாங்கக் காணி கிடைக்கும் வழியில்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களின் உடைமையை மாற்றின. உழைத்தவனுடைய நிலைமையை அவை மாற்றவில்லை. மலைநாட்டிற் பல குடும்பங்கள் இருந்த லயனையும் இழந்து வடக்கு நோக்கிச் சென்றன. அவர்களுட் சிலரை வன்னியிற் கண்ட நம்மவர் எவ்வாறு நடத்தினர் என்பதை இம்மலரில் விரித்தெழுத வேண்டாம். நமக்கே தெரியும்.

நிற்க. காடழிந்ததை அரசாங்கம் கவனியாமலில்லை. 1956இல் இலங்கையின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு காடாக இருந்ததென்பர். 2010ஆம் ஆண்டின் கணக்கில் ஐதான காட்டையும் சேர்த்து முப்பதுக்குச் சற்றுக் குறைவு. மகாவலி நீர்த்தேக்கங்கள் எழுந்த காலத்தில், மேல்நிலங்களில் மண் அரித்து அவற்றைத் தூர்த்துவிடும் என்னும் அச்சம் பிறந்தது. அதனால் 1970களிலும் 1980களிலும் மலைநாட்டின் பற்றனைகளிலும் கைவிட்ட தேயிலை நிலங்களிலும் கரிபியன் பைனஸ் மரம் அணியணியாக நடப்பட்டது. விரைவாக வளரும், வறண்ட மண்ணிலும் நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தாற் பச்சை. ஆனால் அதன் கீழே ஆடு கடிக்கப் புல்லில்லை, சமைக்கக் கீரையில்லை, பறிக்கப் பழமில்லை. உதிர்ந்த ஊசியிலை கோடையிலே தீப்பெட்டிக் குச்சிபோற் பற்றிக்கொள்ளும். ஆண்டுதோறும் எரிகின்றது. தீ வைத்தது யார் என விசாரணை நடப்பதுண்டு. அணைக்க ஓடி வந்தவர் எத்தனை பேர் என்று விசாரித்திருந்தால் உண்மை விளங்கியிருக்கும். தனக்கு ஒரு காசும் தராத காடு எரியும்போது ஊரவன் ஏன் ஓடிவர வேண்டும்?

பைனஸைக் கொடியோன் எனத் தூற்றுவோர் பக்கமும் நாம் முழுதாகச் சாரவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான குணதிலக்க தம்பதியரும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மார்க் ஆஷ்டனும் 1990களிற் சிங்கராசவனத்தின் விளிம்பிலே ஒரு பரிசோதனை செய்தனர். பைனஸ் வரிசைகளிற் சிலவற்றை அகற்றி, அந்த இடைவெளியில் நாட்டுமரங்களை நட்டனர். பைனஸின் நிழல் செவிலித்தாயாக நின்று அக்கன்றுகளை வளர்த்தது. ஆகவே நட்டது முற்றிலும் வீணன்று. வீணானது, நட்டுவிட்டு அயலிலுள்ள மனிதனை வேலிக்கு வெளியே நிறுத்தியது.

வேலிக்கு உள்ளே இருந்தவனை வெளியே நிறுத்திய கதையும் உண்டு. மாத்தளை, கண்டி மாவட்டங்களிற் பரந்து கிடக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் உயர்காட்டிலே ஏலம் பயிரிடப்பட்டு வந்தது. ஏலத்துக்குப் பெருமரத்தின் நிழல் வேண்டும். ஆயின் அதற்காகக் கீழ்ச்செடிகளைக் களைந்துவிடுவதால், இளமரம் முளைத்துக் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்வது தடைப்பட்டது. அறிஞர் எச்சரித்தனர், 2000ஆம் ஆண்டில் அது பேணற்காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது, 2010இல் உலக மரபுரிமையாயிற்று. காட்டுக்கு நன்மையே. ஆயினும் ஏலத்தை நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு அதற்கீடாக யாது தரப்பட்டது? கித்துட் பாணியும், சுற்றுலாக்காரருக்குச் சோறு சமைத்துப் போடுவதும் சிலருக்குக் கைகொடுத்தன. ஏனையோர் இரவில் ஏலம் பறிக்கச் சென்று அபராதம் கட்டினர்.

இக்கதை வெறும் மலைநாட்டுக் கதையுமன்று. மாத்தளையின் வடமேற்குக் குன்றுகளில் எழும் ஓடைகள் தம்புலு ஓயாவோடு சேர்ந்து கலாவெவைக்குச் செல்கின்றன. தாதுசேன மன்னன் கட்டிய அவ்வாவியின் நீரைக் கொண்டு உழுபவன், தன் வயலின் விதி வஹகோட்டைச் சரிவில் நிற்கும் ஒரு பலாமரத்தோடு பிணைந்திருப்பதை அறியான். மலை சரிந்தால் என்னவாகும் என்பதையோ நாமனைவரும் அறிவோம். 2014இற் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே தோட்ட லயன்கள் மண்ணுட் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின் மழையிலே மாத்தளை உட்பட மலைமாவட்டங்கள் பட்ட பாடு இன்னும் ஆறாத புண். அத்தகைய பெருமழையை எந்த வேரும் முற்றாகத் தாங்கியிராது என்பது உண்மையே. எனினும் ஆபத்தான சரிவில் எவர் குடியிருந்தனர், ஏன் வேறிடம் இன்றி அங்கேயே இருந்தனர் என்பது மழையைப் பற்றிய வினாவன்று.

இனி, தோட்ட மக்களுக்குக் காணி கொடுக்கப்பட்டு வருகின்றதே என்பார் உண்டு. உண்மை. பல குடும்பங்களுக்குக் கிடைத்தது ஏழு பேர்ச்சஸ். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் இந்திய உதவியோடு கட்டப்படும் வீடு 550 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். எஞ்சியது 1,350. மிளகுக்குக் கொடிக்குக் கொடி எட்டடி இடைவெளி வேண்டும் என்பது ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தார் கூறும் அளவு. அஃதாவது ஒரு கொடிக்கு 64 சதுர அடி. கணக்கிற் கெட்டிக்காரரான நம் பழைய மாணவர் வகுத்துப் பார்க்கலாம்: இருபத்தொரு கொடி. வழி, கிணறு, கழிவறை, துணி உலர்த்தும் இடம் எதுவும் இல்லாதவிடத்து இருபத்தொன்று. பலா ஒன்று வைத்தால் அதன் கிளை அடுத்தவர் கூரையில் நிற்கும். குடியிருக்க நிலம் கொடுத்தது பெரிய காரியமே. அதனை நாம் இகழவில்லை. ஆயினும் அந்நிலத்திற் காடு வளராது. வாழ்வும் முழுதாய் வளராது.

வேண்டுவது யாதெனில், மொட்டைக் குன்றுகளையும் கைவிட்ட தேயிலை நிலங்களையும் சிறு துண்டுகளாக, அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ, அயலிலுள்ள குடும்பங்களுக்குப் பரம்பரை உரிமையோடு அளித்தலே. தோட்டத் தமிழனுக்கும் கிராமத்துச் சிங்களவனுக்கும் ஒரே விதி. நிபந்தனை ஒன்றுண்டு: சரிவில் மரம் நிற்க வேண்டும். 1990களில் வனத் திணைக்களம் விவசாயிகளுக்கு இருபத்தைந்து ஆண்டுக் குத்தகையில் மரத்தோப்பு வளர்க்க நிலம் தந்து பார்த்தது. நல்ல தொடக்கம், ஆனால் இருபத்தைந்து ஆண்டு என்பது பேரனுக்குச் சாதிக்காய் வைக்கும் காலமன்று, தேக்கை வெட்டி விற்கும் காலம். நேபாளத்தார் இன்னும் துணிந்து சென்றனர். 1993ஆம் ஆண்டின் வனச்சட்டத்தின்படி மலைக்காடுகளை ஊர்க்குழுக்களிடம் ஒப்படைத்தனர். இன்று இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் உள்ளன. வழுக்கையாய்க் கிடந்த மலைகளிற் பல மீண்டும் பச்சை போர்த்தன. அங்கும் வல்லவன் கை ஓங்கிய குழுக்கள் இல்லாமலில்லை. இருப்பினும் திணைக்களக் காவலாளியால் இயலாததை ஊரார் செய்தனர்.

நிலத்தைக் கொடுத்தால் மரத்தை வெட்டி விற்றுக் குடித்துவிடுவர் என்னும் வாதத்தை நாம் பல முறை கேட்டுள்ளோம். வசதியான நாற்காலிகளில் அமர்ந்தோர் வாயிலிருந்தே பெரும்பாலும் கேட்டுள்ளோம். கண்டி வனத்தோட்டங்கள் யாவும் தனியார் நிலங்களே. அங்கு ஏன் மரம் நிற்கின்றது? சட்டத்தின் துணையும் இருக்கின்றது: 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, நம்மூர்ப் பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டலாகாது என்கின்றது. சட்டத்தினும் வலியது வயிறு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதர் வி. டயஸ் என்னும் பெருமகனார் ஊரூராகச் சென்று பத்து இலட்சம் பலாக்கன்றுகளை நாட்டுவிக்க முனைந்தார். மக்கள் அவரைக் 'கொஸ் மாமா' என்றே அழைத்தனர். பலாமாமா என்பது பொருள். இரண்டாம் உலகப் போரில் அரிசி வராத நாட்களில் அப்பலாக்களே பலர் வீட்டு உலையில் வெந்தன. சோறு தந்த மரத்தை மனிதன் எளிதில் வெட்டான்.

இடர்கள் வேறு உண்டு. அவற்றை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது. மிளகின் விலை நம் கையில் இல்லை. இந்தியாவே பெரிய கொள்வனவாளர். அங்கு விலை சரிந்தால் மாத்தளைச் சந்தையிற் கடைக்காரர் முகம் கறுக்கும். பச்சை மிளகு மூன்று கிலோ உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோவே தேறும். உலர்த்தும் களம் இல்லாதவன் பச்சையாகவே தரகனிடம் கொடுத்துவிடுகின்றான். அப்புறம் குரங்கு. வஹகோட்டை முதியவர் வேறெதற்கும் குரலுயர்த்தவில்லை. குரங்கு என்ற சொல்லுக்கு மட்டும் உயர்த்தினார். 2025 மார்ச் 15ஆம் நாள், பயிரழிக்கும் விலங்குகளை நாடெங்கும் ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் எண்ணுமாறு அரசாங்கம் மக்களைக் கேட்டுக்கொண்டது. எண்ணுவதற்குக் குரங்கு நிற்குமா என்று நகைத்தோர் பலர். நகைக்கலாம், ஆனால் ஒரு பருவத்து இளநீர் முழுவதையும் இழந்தவனுக்கு அது நகைப்பன்று. இவற்றுக்கு நாம் மருந்து கண்டுவிட்டோம் எனச் சொல்ல மாட்டோம். களமும் கூட்டுறவுக் கொள்வனவும் ஓரளவு உதவும். குரங்குக்கு வழி சொல்ல வல்லார் நம் சங்கத்தில் இருப்பின் முன்வருக.

மீண்டும் நமது விழாவுக்கு வருவோம். சங்கத்தார் மரம் நடுவதற்கென ஒதுக்கும் பணத்தை ஒரு நாட் சடங்கிற் செலவிடாது, வேறு வகையிற் செலவிடலாம் என்பது எமது கருத்து. மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. நல்லின மிளகுத் தண்டும் கராம்புக் கன்றும் பற்றிய அறிவுரை அங்குப் பெறலாம். தோட்டப் பாடசாலை ஒன்றின் வளவில் நாற்றுமேடை ஒன்றை ஐந்தாண்டுக்கு நடத்தலாம். பாத்தி பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். காணி கிடைத்த குடும்பங்களுக்குக் கன்றோடு சீமைக்கிளுவைக் கதியாலும் கொடுக்கலாம். நம்முட் சட்டத்தரணிகள் பலர் இருக்கின்றனர். ஏழு பேர்ச்சஸ் கிடைத்தும் உறுதி கைக்கு வராதோர்க்கு அவ்வுறுதியைப் பெற்றுக் கொடுப்பதும் மரம் நடுதலின் ஒரு பகுதியே. காணி நிர்வாகத்திலும் வங்கிகளிலும் உயர்பதவி வகிப்போரும், தோட்டக் கம்பனிகளிற் பங்குடையோரும் நம்முள் உண்டு என அறிவோம். அவர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. அவற்றை நேரிலேயே கேட்போம்.

இக்கருத்தைச் சங்கத்தின் அடுத்த பொதுக் கூட்டத்துக்குப் பிரேரணையாக எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டோம். வழிமொழிய ஒருவர் வேண்டும்.